ஒட்டும் பக்கம்

அத்தியாயம் பதினொன்று

ஆன்செல்மை எரித்தாயிற்று. புதைக்கத்தான் முடியவில்லை.

நவம்பரில் செத்தவன் மே மாதம் வரை காத்திருக்க வேண்டும். மொன்றியலில் அதுதான் வழக்கம். மண் பாறையாக இறுகிக் கிடக்கும்போது எந்தக் கடப்பாரை இறங்கும்? கல்லறைத் தோட்டத்துக் கற்கட்டடத்தில், முன்பின் தெரியாதவர்களின் கலசங்களோடு ஒரு தட்டில் இருந்தது அவனுடைய கலசமும். உயிரோடு இருந்தவரை எந்த வரிசையிலும் நின்றதில்லை ஆன்செல்ம். இப்போது நிற்கிறான்.

புதைக்காத சாவு வீட்டைவிட்டுப் போகாது. அவன் மனைவி ஒடிலின் வீட்டில் அது சமையலறைச் சுவரில் தினமும் சாயங்காலம் படமாக வந்து சிரித்துவிட்டுப் போனது.

அந்தச் சிரிப்பைப் பற்றி முன்பே பார்த்தோம். ஆயுள் முழுக்கக் கேமராவுக்குப் பின்னால் நின்றவன் ஆன்செல்ம். அவன் முன்னால் நின்ற படம் உலகத்திலேயே ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தைய குளிர்காலம், உறைந்து கிடந்த ஆற்றின் நடுவில், அவன் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி ஒடில் எடுத்தது. அவன் சிரிக்கிறான். வேண்டாம் என்று இடக்கையை நீட்டிக்கொண்டு வருகிறான். அந்தக் கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. சிறுவயதில் அப்பாவின் மரவாடியில் விட்டது. உள்ளங்கை லென்ஸை மூடுகிறது. மறுபடி முதலிலிருந்து சிரிக்கிறான். சுற்றிச் சுற்றி ஓட வசதியாக இரு நுனியையும் ஒட்டி வளையமாக்கி வைத்ததும் அவன்தான்.

அது கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம். நெகட்டிவ் என்று தனியாக எதுவும் கிடையாது. போனால் போனதுதான்.

அசலைத் தொட பயந்து ஒரு நகல் போடச் சொன்னாள் ஒடில். அது தினமும் ஓடி ஓடி, கிறிஸ்துமஸுக்குள் கீறல் விழுந்து அறுந்து போனது. இரண்டாவது நகல் போட்டாள். இந்த வியாழக்கிழமைதான் மகள் ஃப்ளாவி கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை அப்பாவுக்காக நடக்கிற காட்சியில அதை எரிச்சிடலாமா அம்மா?"

ஒடில் "சரி" என்றாள். சரி என்று சொன்னவள், வெள்ளிக்கிழமையே குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, நகல் போடுகிறவருக்கு ரகசியமாக ஃபோன் செய்து மூன்றாவது நகலுக்கும் சொல்லிவிட்டாள். அது யாருக்கும் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டாள்.

*

ஞாயிறு காலை சமையலறையில் ஆன்செல்மின் தம்பி ஃபெர்னான், ரொட்டியில் பன்றி இறைச்சி விழுதை அரை விரல் கனத்துக்குத் தடவிக்கொண்டிருந்தான். ரிமூஸ்கியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். முந்தின நாள் இந்தக் காட்சிக்காகவே ஐந்தாறு மணி நேரம் காரோட்டி வந்திருந்தான்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. எனக்கு இன்னும் புரியல. நாலு மெஷின். நாலுலயும் படம். ஒண்ணைக்கூட உருப்படியா ஓட்டமாட்டீங்க. ஒண்ணு மேல ஒண்ணைப் போட்டு, கையை நீட்டி மறைச்சு, கலர் தாளைக் காட்டி, கடைசில அதையும் எரிப்பீங்க. இதுக்குச் சனங்க பூட்ஸைக் கழட்டிட்டு வந்து உக்கார்றாங்க?"

"உன் அண்ணன் இருந்தப்போ ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்கலாம்ல?" என்றாள் ஒடில்.

ஃபெர்னான் மென்றதை விழுங்கினான். "வந்திருக்கலாம்" என்றான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ரொட்டியைத் தொடவில்லை.

ஒடில் உதட்டில் மெழுகுக் களிம்பைத் தடவிக்கொண்டாள். ஜனவரிக் காற்றில் உதடு வெடித்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ஜாடிகளுக்கும் முட்டைக்கும் நடுவே ஃப்ரிட்ஜில் இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. இந்த வீட்டில் வெண்ணெய்க்கு இடம் இல்லாவிட்டாலும் பிலிமுக்கு இடம் உண்டு.

"ஃப்ளாவி, நீல டேப் ஒட்டினது நகல். அதை எடுத்துக்கோ. சிவப்பு டேப் பக்கம் கையே கொண்டு போகாதே."

"தெரியும் அம்மா."

"ரெண்டும் ஒரே மாதிரி டப்பா. பார்த்து எடு."

"நான் என்ன குழந்தையா?"

அவள் குழந்தை இல்லை. இருபத்துநாலு வயது. அம்மாவின் புரொஜெக்டர்களுக்கு எதிர் மேசையில் இரண்டு கேமராவும் வீடியோ மிக்ஸரும் வைத்துக்கொண்டு, ஓடுகிற பிலிமை அப்படியே பிடித்து, மடித்து, தேய்த்து, இரண்டாவது திரையில் வேறொரு படமாக்கிக் காட்டுவாள். ஆன்செல்ம் இருந்தவரை மூன்று பேரும் சேர்ந்து செய்தார்கள். ஒத்திகை பார்ப்பது கிடையாது. ஒருத்தர் கையை இன்னொருத்தர் பார்த்துக்கொண்டே வாசிக்கிற கச்சேரி அது.

"நீயும் என்கூட ரிமூஸ்கிக்கு வந்துடுடி" என்றான் ஃபெர்னான், அவள் தலையைத் தட்டி. "எங்க ஊர்ல பனியைத் தள்ளினா பனி போயிடும். உங்க வேலை மாதிரி இல்ல."

ஃப்ளாவி சிரிக்கவில்லை. "எப்போ கிளம்புறீங்க சித்தப்பா?"

"காட்சி முடிஞ்ச உடனே. ராத்திரி புயல்ங்கிறான். அதுக்கு முன்னாடி கியூபெக் நகரத்தைத் தாண்டிடணும்."

அவனை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆன்செல்மின் குளிர் கோட்டைக் காட்டினாள் ஒடில். உனக்குச் சரியாக இருக்கும், எடுத்துக்கொள் என்றாள். அவன் வேண்டாம் என்றான். பிறகு போட்டுப் பார்த்தான். பிறகு கழற்ற மனமில்லாமல் அப்படியே நின்றான். இருவரும் அங்கே அழுதுகொண்டிருந்த நேரத்தில், சமையலறையில் ஃப்ரிட்ஜின் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. ஒடிலுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

*

பழைய தையல் ஆலையின் மூன்றாம் மாடி. வாசலில் குளம் கட்டிய பூட்ஸ்கள். கூடத்தின் நடுவே நீள மேசை, மேசையில் நான்கு புரொஜெக்டர். வளையங்கள் கூரையிலிருந்து தொங்கும் சின்ன உருளைகள் வழியாக இறங்கி ஏறும். சுற்றிலும் தரையில் சனம். எல்லாரும் ஆன்செல்மைத் தெரிந்தவர்கள். கடைசியில் ஒரு வளையம் எரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அது ஆன்செல்மின் பழக்கம். காட்சி முடிகிற இடத்தில் ஓடுகிற பிலிமைச் சட்டென்று நிறுத்துவான். விளக்குக்கு முன்னால் நிற்கிற அந்த ஒற்றைப் படம் சூட்டில் பழுக்கும், கொப்பளிக்கும், நடுவில் ஓட்டை விழுந்து திரை வெள்ளையாகும். பார்த்தவர்கள் மூச்சு விடமாட்டார்கள்.

ஒடில் நீல டேப்பை உரித்து டப்பாவைத் திறந்து, மேலே கிடந்த வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினாள். அரையிருட்டு. பிலிமின் ஒரு பக்கம் படம் பதிகிற மருந்து, ஒரு பக்கம் வெறும் தகடு. எது எது என்று கண்ணால் பார்க்கிறவர்கள் புதுசு. பழகினவர்கள் உதட்டை நனைத்து, பிலிமை அதில் வைத்துப் பார்ப்பார்கள். மருந்துப் பக்கம் லேசாக ஒட்டும். நகல் என்றால் ஒட்டும் பக்கம் விளக்கைப் பார்க்க வேண்டும். அசல் என்றால் அதற்கு நேர்மாறு, லென்ஸைப் பார்க்க வேண்டும். மாற்றிக் கோத்தால் படம் கண்ணாடியில் பார்த்தது மாதிரி இடம் வலமாகிவிடும்.

ஒடில் தொட்டுப் பார்த்தாள். களிம்பு பூசிய உதட்டில் இரண்டு பக்கமும் பிசுபிசுத்தது. இந்தப் பக்கம்தான் கொஞ்சம் கூடுதல் என்று பட்டது. அதை விளக்குப் பக்கம் திருப்பிக் கோத்தாள்.

காட்சி தொடங்கியது.

முதலில் பனி. வெறும் பனி, ஒரு மெஷினில். அதன்மேல் இரண்டாவதில் கறுப்பு மரங்கள். மூன்றாவதில் ஆன்செல்ம் பிலிமில் ஊசியால் கீறிய கோடுகள், மழை பெய்கிற மாதிரி. ஒடில் விரல்களை லென்ஸுக்கு முன்னால் விசிறியாக விரித்து மரங்களை நடக்க வைத்தாள். எதிர் மேசையில் ஃப்ளாவி அந்த நிழலைப் பிடித்து இரண்டாவது திரையில் ஆயிரமாகப் பெருக்கினாள். பேச்சு இல்லை, சைகை இல்லை. தாயும் மகளும் வீட்டில் பேசாததையெல்லாம் அங்கேதான் பேசினார்கள்.

ஃபெர்னான் அண்ணன் கோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் வாய் திறந்திருந்தது.

நான்காவது மெஷினைப் போட்டாள் ஒடில். நீலத் தாளுக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஆன்செல்ம் வந்தான். சிரித்தான். கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கையை நீட்டினான்.

எதுவோ சரியில்லை என்று ஒடிலுக்குப் பட்டது.

என்னவென்று உடனே புரியவில்லை. இன்னொரு சுற்று வந்தது. சிரிப்பு. பனி. நீளும் கை. இடக்கையில் இல்லாத விரல்கள் வலக்கையில் இல்லாமல் இருந்தன.

இடம் வலமாகிவிட்டது.

இரண்டில் ஒன்று. களிம்பு உதடு ஏமாற்றி, நகலைத் தப்பாகக் கோத்திருக்கிறாள். அப்படியானால் பாதகமில்லை, எரிகிற படத்தில் எந்தக் கை என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அப்படி இல்லையென்றால், அவள் சரியாகத்தான் கோத்திருக்கிறாள். படம்தான் வேறு.

அப்படி இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டாள். நீல டேப்பைத் தன் கையால்தானே உரித்தாள்?

எதிர் மேசையில் ஃப்ளாவி சத்தத்தைக் கூட்டினாள். மெஷின்களின் கடகடப்பையே மைக்கில் பிடித்துப் பெரிதாக்குவாள்; அது கூடத்தின் தரைப்பலகைகளை அதிர வைத்தது. பிறகு வலக்கையை உயர்த்தினாள். எரிப்புக்கு எப்போதும் ஆன்செல்ம் காட்டுகிற சைகை அது. இன்றைக்கு அவள் காட்டினாள்.

நிறுத்திப் பார்க்கலாம் என்றால், நிறுத்துவதுதான் எரிப்பது. விளக்கை அணைக்கலாம். நகலாக இருந்தால் ஆன்செல்முக்குச் செய்கிற கடைசி மரியாதையைத் தன் கையாலேயே கெடுத்தவள் ஆவாள். ஃப்ளாவி கையை இறக்கவில்லை.

ஒடில் சட்டைக் கையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். களிம்பு போனது, வெடிப்பு எரிந்தது. நாக்கால் நனைத்துக்கொண்டாள். உருளையிலிருந்து இறங்கி ஓடிக்கொண்டிருந்த வளையத்தின் பக்கம் குனிந்தாள். விளக்கைப் பார்த்துப் போகிற முகம் எது என்று கண்ணால் தேடிப் பிடித்தாள். அது ஒட்டாவிட்டால் இது நகல். ஒட்டினால் அசல்.

ஒட்டக்கூடாது. முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் படம் தன்மேல் ஒட்டக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

ஓடுகிற பிலிமில் உதட்டை வைத்தாள்.

ஒட்டியது. ஒட்டி, இழுத்து, வெடிப்பிலிருந்து ஒரு துண்டுத் தோலையும் கொண்டு போனது.

ஃப்ளாவியின் கேமரா அந்த நேரம் அம்மாவின் கைகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கைக்குப் பதிலாக முகம் வந்தது. இரண்டாவது திரை முழுக்க ஒடிலின் முகம். மூடிய கண்கள். உதட்டில் கணவன் ஓடிக்கொண்டிருந்தான். கூடத்தில் பெருமூச்சு எழுந்தது. யாரோ விம்மினார்கள். கூடம் அதை முத்தம் என்று எடுத்துக்கொண்டது. ஒடிலுக்கும் அது இல்லையென்று சொல்லத் தெரியாது.

நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

வேறு யாராக இருந்தாலும் 'என்னாச்சு' என்று கண்ணால் கேட்டிருப்பார்கள். ஃப்ளாவி கேட்கவில்லை. உயர்த்திய கையை மெதுவாக இறக்கினாள். தலை குனிந்தாள்.

அந்தக் குனிந்த தலையில் எல்லாம் இருந்தது.

ஒடில் உள்ளங்கையால் லென்ஸை மூடினாள். ஆற்றின் நடுவே ஆன்செல்ம் செய்த அதே செய்கை. விளக்கை அணைத்தாள். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். பிலிம் இருட்டில் ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, அதுவும் நின்றது.

மிச்சத்தை ஃப்ளாவி முடிக்க வேண்டியிருந்தது. அவளிடம் இருந்தது சற்றுமுன் பிடித்த அம்மாவின் முகம் ஒன்றுதான். அதை மெதுவாக ஓடவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். நெற்றி போனது, மூடிய கண் போனது, உதடு போனது. திரை வெள்ளையாகியது.

யாரும் கை தட்டவில்லை. பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

*

"தபர்நாக்!" என்று ஊர் வசவு ஒன்றை உதிர்த்தான் ஃபெர்னான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எரிப்பீங்கன்னு சொன்னீங்க. இது என்ன அண்ணி, ஆளையே எரிச்சுட்டீங்க?"

"வண்டியைச் சூடு பண்ணு ஃபெர்னான். நான் இவகூடக் கொஞ்சம் பேசணும்."

அவன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். பனியில் வண்டி வழுக்கப் போவது முன்கூட்டியே தெரிகிறவன் அவன். இறங்கிப் போனான்.

கோட்டுகள் தொங்கிய தட்டிக்குப் பின்னால் தாயும் மகளும் நின்றார்கள்.

"எப்போ மாத்தினே?"

"காலைல. நீங்க ரெண்டு பேரும் கோட்டுக்கிட்ட இருந்தப்போ. டேப்பை உரிச்சு மாத்தி ஒட்டினேன்."

"எரிஞ்சிருந்தா?"

"எரியணும்னுதான் மாத்தினேன்."

ஒடிலுக்கு அறைய வேண்டும் போல இருந்தது. கை எழவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று ஃப்ளாவி கேட்டாள். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

"விரல் மாறியிருந்துச்சு. அசலும் நகலும் ஒரே பக்கம் பார்க்காதுடி. உங்க அப்பா சொல்லித் தரலையா உனக்கு?"

"எனக்கு வீடியோதான் சொல்லித் தந்தார்." ஃப்ளாவியின் உதடு கோணியது. "வீடியோல அசல் நகல்னு ஒண்ணும் இல்லைன்னு சொல்லித் தந்தார்."

"அவனோடது அது ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்சும்…"

"ஒண்ணுதான் இருக்குங்கிறதாலதான். நகலை எரிக்கலாமான்னு கேட்டேன். சரின்னே. மறுநாளே மூணாவதுக்கு ஃபோன் பண்ணினே. குழாயைத் திறந்துவிட்டா கேக்காதுன்னு நினைச்சியா? என் ரூம் சுவர்தானே அது?"

ஃப்ளாவி நிறுத்தவில்லை.

"அப்புறம் நாலாவது போடுவே. அஞ்சாவது போடுவே. ரெண்டு மாசமா அப்பா அந்தச் சுவர்ல சிரிக்கிறார். நான் பக்கத்துல நின்னு தனியா சூப் குடிக்கிறேன். ஒரு நாளாவது என் பக்கம் திரும்பினியா? அவர் எனக்கும்தான் செத்தார் அம்மா. நான் அழுததை நீ பார்த்தியா? அந்தச் சுவர்ல ஓடினாத்தான் என்னையும் பார்ப்பியா?"

அந்த இடத்தில் ஒடில் அவளைக் கட்டிப்பிடித்திருக்கலாம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. கொஞ்சம் முன்னால் நூலிழையில் போகவிருந்த அந்தப் படம்தான் இன்னும் கண்ணில் நின்றது. அந்தப் பயம்தான் பேசியது.

"நீ இங்கேதானே இருக்கே? உன்னை நாளைக்குப் பார்த்துக்கலாம். எங்கே போயிடப் போறே? அவனைப் பார்க்க எனக்கு வேற என்ன இருக்கு?"

ஃப்ளாவி அம்மாவை நேராகப் பார்த்தாள். அழவில்லை.

"சரி" என்றாள்.

கோட்டை எடுத்துக்கொண்டாள். "சித்தப்பா சாமான் ஏத்தணும்னார். போய்ப் பார்க்கிறேன்."

*

கூடம் காலியானது. வந்தவர்கள் ஒடிலின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். இதுபோல ஒரு முடிவை ஆன்செல்மே யோசித்திருக்க மாட்டான் என்றார் ஒருவர். ஆமாம் என்றாள் ஒடில்.

வளையத்தை மெஷினிலிருந்து மெல்ல எடுத்து, மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவர்கள் எல்லாரும் அப்படித்தான் எடுத்துப் போவார்கள். தரையில் பட்டால் தூசி கீறிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரிடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. எச்சிலும் ரத்தமும். அதைத் தவிர சேதம் இல்லை. பிழைத்துவிட்டான்.

இனி பத்திரமாக வைக்க வேண்டும் என்று நீல டேப் டப்பாவை விளக்கின்கீழ் கொண்டுவந்து திறந்தாள்.

உள்ளே, பிலிமின் அடியில் வைத்திருந்த கறுப்புத் தாள் விலகிக் கிடந்தது. அதன்கீழே ஒரு சாவி இருந்தது. வீட்டுச் சாவி. பன்னிரண்டு வயதில் ஃப்ளாவிக்குத் தந்தது. அறுந்த பிலிம் துண்டொன்றை மடித்து ஆன்செல்ம் கட்டிவிட்ட முடிச்சு இன்னும் அதில் இருந்தது.

ஒடிலுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. சண்டைக்குப் பிறகு ஃப்ளாவி இந்த மேசைப் பக்கமே வரவில்லை. அப்படியென்றால் இது காலையில் வைத்தது, டேப்பை மாற்றி ஒட்டியபோதே. படம் எரிந்த பிறகு காலி டப்பாவை அம்மா திறப்பாள், அப்போது தன் முகத்தில் முழிக்க மாட்டாள் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டிருக்கிறாள். தப்பைச் செய்யும்போதே தண்டனையையும் சேர்த்து வைத்துவிட்டாள்.

படம் எரியவில்லை. இருந்தும் அவள் சாவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஒடில் ஓடினாள். பூட்ஸ் தேட நிற்கவில்லை. காலுறையோடு மூன்று மாடி இறங்கித் தெருக் கதவைத் தள்ளினாள். நாலரை மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. பனி சாய்ந்து கொட்டியது. ஃபெர்னானின் வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு நீள் சதுரம், அதுவும் வெளுத்துக்கொண்டிருந்தது. தெருமுனை வரை இரண்டு சக்கரத் தடங்கள் போய் வளைந்திருந்தன.

"ஃப்ளாவி!" என்று கத்தினாள்.

எதிர் நடைபாதையில் பனி வாரிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். கழுத்தில் பிலிம் மாலையோடு காலுறையில் நிற்கிற பெண்ணைப் பார்த்து, "ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றான்.

வேண்டும்தான். என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

மேலே வந்து ஃப்ளாவிக்கு ஃபோன் செய்தாள். அது மிக்ஸர் மேசையிலேயே மணியடித்தது. ஃபெர்னானுக்குச் செய்தாள். வண்டி ஓட்டும்போது சாவே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன் என்று பெருமையடிப்பவன் அவன். எடுக்கவில்லை. கோட்டோடு பின் இருக்கையில் மகள் உட்கார்ந்திருப்பாள். அண்ணிதான் அனுப்பி வைத்திருக்கிறாள் என்று அவன் நினைத்திருப்பான். நெடுஞ்சாலையில் புயல் அவர்களுக்கு முன்னால் போகிறதா, பின்னால் வருகிறதா?

ஈரக் காலுறைக்குள் கால் விறைத்தது. ஒடில் மகளின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மிக்ஸர் இன்னும் அணையவில்லை. ஃப்ளாவியின் முகத்தை இப்போதே பார்க்க வேண்டும் போல இருந்தது. ஒரே ஒரு தடவை. இன்றைய பதிவை எடுத்து ஓடவிட்டாள். பனி. மரங்கள். தன் கைகள். தன் முகம். அதற்கு முந்தைய காட்சியை எடுத்தாள். ஆன்செல்மின் கைகள், தன் கைகள், நான்கு மெஷின்கள். அதற்கு முந்தையது. அதற்கும் முந்தையது.

எதிலும் ஃப்ளாவி இல்லை. ஓர் ஓரத்தில்கூட இல்லை. கேமரா எப்போதும் அவள் கையில்தான் இருந்திருக்கிறது, அப்பாவைப் போலவே.

கழுத்தில் கிடந்த வளையத்தை ஒடில் கழற்றினாள். வாழ்நாளில் முதல்முறையாக அதை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் வைத்துவிட்டு, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, மறுபடி ஃபெர்னானின் எண்ணை அழுத்தினாள்.